சிவப்பு முடியும் இடம்

9 ஜனவரி 1961, உச்சிப்புளி முகாம்

என் குழி இன்று ஆறடி தொட்டது. சாயங்காலம் பேராசிரியர் ராமசுப்பிரமணியன் இறங்கி வந்தார். குழியின் சுவரைக் காட்டி, எத்தனை மண் அடுக்கு என்று கேட்டார். இரண்டு என்றேன். பக்கத்துக் குழியிலிருந்து பாக்கரைக் கூப்பிட்டார். அவன் வந்து நின்ற வேகத்தில் நான்கு என்றான். மேலே மணல், கீழே சாம்பல், அப்புறம் சிவப்புக் களிமண், அடியில் பழுப்பு. விரலால் கோடு போட்டே காட்டிவிட்டான். சார் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அவன் கடைசியாகப் போட்ட இரண்டு கோடுகளுக்கு மேலும் கீழும் எனக்கு ஒரே மண்தான்.

செய்முறைத் தேர்வு தேறாமல் தொல்லியல் எம்.ஏ. பட்டம் கிடையாது. ஆளுக்கு ஒரு குழி. இந்தப் பழைய மேட்டைத் தோண்டி, அடுக்குகளைப் பிரித்து வரைந்து, எந்த அடுக்கில் எது கிடைத்தது என்று எழுத வேண்டும். ஏப்ரலில் வெளியிலிருந்து ஒருவர் வந்து தேர்வு வைப்பார். ஏட்டுத் தேர்வில் முதலாவதாக வந்தவன் நான். மண்ணும் எங்களுக்குப் புதிதல்ல. அய்யாவும் அம்மாவும் ஊரான் வயலில் மம்பட்டி பிடித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். பிறகு ஏன்?

12 ஜனவரி

சுவரில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். மூன்று தெரிந்த மாதிரி இருந்தது. காய்ந்ததும் மறுபடி இரண்டு.

17 ஜனவரி

மண்ணின் நிறத்தை ஒப்பிட்டு எழுத சார் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார். சின்னச் சின்னக் கட்டங்கள். பாதிக் கட்டங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. அச்சுப் பிழையோ என்று பாக்கரிடம் கேட்டேன். சிரித்தான். இது செங்கல், இது துரு, இது காவி என்று படபடவென்று சொல்லிக்கொண்டே போனான்.

எல்லாரும் பார்ப்பதாக நடிக்கிறார்களோ? அல்லது நான்தான் ஏதோ ஒரு பாடத்தைத் தவறவிட்டுவிட்டேனா? எந்தப் புத்தகத்தில் இருக்கும் அது?

பாக்கருக்குக் கீழக்கரை. ஒரே கூடாரத்தில் படுக்கிறோம். வீட்டிலிருந்து பொரித்த மீன் வந்தால் பெரிய துண்டு எனக்கு. டெல்லியில் ஒரு வருஷப் பயிற்சிக்கு அவன் பெயரைத்தான் சார் சொல்லியிருக்கிறார். அவனுக்குத் தகும்.

20 ஜனவரி, வெள்ளி

பானை ஓடுகளைப் பிரிக்கும் பொறுப்பு பாக்கருடையது. ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டியிருந்ததால் இன்று மட்டும் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். சிவப்புப் பூச்சு உள்ளதைச் சாக்கில் கட்டிவைக்க வேண்டும். வெறும் பழுப்பை எண்ணிக் குறித்துவிட்டுக் குப்பைக் குழியில் கொட்டலாம். எண்ணினேன், குறித்தேன், கொட்டினேன். திரும்பி வந்தவன் பதிவேட்டை என்னிடமிருந்து வாங்கிக் கையெழுத்துப் போட்டான். சரிபார்க்கவில்லை.

21 ஜனவரி

குப்பைக் குழியில் நூற்றுக்கணக்கில் சிவப்பு ஓடுகளைச் சார் பார்த்துவிட்டார். வேறு குழிகளின் ஓடுகளோடு கலந்து கிடக்கின்றன. எது எந்த அடுக்கு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரு வாரத்து வேலை மண்ணாய்ப் போயிற்று.

சார் எல்லோர் முன்னாலும் கேட்டார், கையெழுத்து யாருடையது என்று. பாக்கர் என்னைப் பார்க்கவே இல்லை. “என்னுது சார்” என்றான்.

நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்வது? பழுப்பு என்று நான் நிச்சயமாகப் பார்த்துத்தானே கொட்டினேன்!

கூடாரத்தில் அவன் கேட்டது ஒன்றுதான்: அவசரப்பட்டுவிட்டாயா? ஆமாம் என்றேன். அதுவும் பொய்.

24 ஜனவரி

பாக்கர் கவனமில்லாதவன், டெல்லிக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சார் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டாராம். சமையல்காரர் சொன்னார். என்ன பண்றதுன்னே தெரியல.

29 ஜனவரி, ஞாயிறு

ரயிலில் பாலம் தாண்டிப் பாம்பனுக்குப் போனேன். கூத்தையா மாமா அங்கே கருவாட்டுக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறார். அம்மாவின் உடன்பிறந்த தம்பி. வெள்ளைக்கார அதிகாரியை எதிர்த்துப் பேசி ரயில்வே வேலையை உதறியவர் என்று பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றித்தான் பெருமை அடித்துக்கொண்டிருப்பேன்.

சாப்பிட்டுக்கொண்டே ஓட்டுக் கதையைச் சொன்னேன். மாமா பாதிச் சோற்றில் எழுந்து அடுப்படிக்குப் போனார். வரும்போது கையில் இரண்டு குண்டு மிளகாய். தரையில் வைத்தார்.

“இதுல எது பழம்?”

எடுக்கக் கை நீட்டினேன்.

“தொடாமச் சொல்லு.”

பார்த்தேன். குனிந்து கிட்டத்தில் பார்த்தேன். தெரியவில்லை. சின்ன வயதில் மிளகாய்க் கொல்லையில் காயையும் பழத்தையும் சேர்த்துப் பறிக்கிறேன் என்று அம்மா வைவாள். அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன் — லேசாக அமுக்கினால் பழம் மெத்தென்று இருக்கும். அப்படித்தான் பறித்தேன், வருஷக்கணக்காக. அது எல்லாரும் செய்வது என்று நினைத்திருந்தேன்.

“எனக்கும் தெரியாதுலே. அமுக்கிப் பாத்துத்தான் எடுத்துட்டு வந்தேன்” என்றார் மாமா.

ரயில்வே டாக்டர் ஒரு கட்டு நூலைக் கொடுத்துப் பச்சையை எல்லாம் எடு என்றாராம். மாமா எடுத்தார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த நிறக் குருடு பெண்கள் வழியாக வரும், ஆண்களைத்தான் பெரும்பாலும் பிடிக்கும், மருந்து கிடையாது என்று சொல்லி வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்களாம்.

அப்படியென்றால் வெள்ளைக்காரனை எதிர்த்தது?

“அது ஒங்கம்மா சொன்னது. நான் இல்லைன்னு சொல்லல.”

திரும்பும்போது கடலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இத்தனை நாள் நான் பார்த்தது எல்லாம் என்ன? மாமா மேல் கோபம் வந்தது. அவர் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்று புரிந்ததும் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

30 ஜனவரி

விடிந்ததும் பாக்கரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“கண்ணு தெரியாதது உன் குத்தமில்ல. நான் உன் பேரச் சொல்லல. நீ சொல்லிருக்கலாம்ல.”

எழுந்து போய்விட்டான். அடுத்து சாரிடம் போனேன். அவர் நிற அட்டையை எடுத்து ஒவ்வொரு கட்டமாகக் கேட்டார். பத்தாவது கட்டத்தில் அட்டையை மூடி வைத்தார். பிறகு, பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதுவதாகச் சொன்னார்.

தேர்வில் பக்கத்தில் ஒருவரை வைத்து நிறம் கேட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். அது தேர்வாகாது என்றார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

2 பிப்ரவரி

பாக்கர் வேறு கூடாரத்துக்கு மாறிவிட்டான்.

6 மார்ச்

பதில் வந்தது. டெல்லி இடத்தை முன்பே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். பாக்கர் கடிதத்தைப் படித்தான், மடித்தான், நோன்போடு குழிக்குள் இறங்கி வேலையைப் பார்த்தான். நான் இரண்டு தடவை குழியின் ஓரம் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

ஊருக்கே போய்விடலாமா? போய் என்ன சொல்வது? அதிகாரியை எதிர்த்துப் பேசினேன் என்றா?

11 மார்ச்

கண்ணை மூடிக்கொண்டு சுவரைக் கொத்துக் கரண்டியால் சுரண்டினேன். சாம்பல் மாவு மாதிரி உதிர்கிறது. அதற்குக் கீழே கரண்டி வழுக்கிக்கொண்டு போகிறது, களிமண். இன்னும் கீழே சிப்பித் தூள் நறநறக்கிறது. மணலோடு சேர்த்து நான்கு. பாக்கர் சொன்ன அதே நான்கு. ஆனால் ஓர் இடத்தில் அவன் போட்ட கோடும் என் விரல் சொல்வதும் சேரவில்லை. யார் சரி? தெரியவில்லை.

14 ஏப்ரல்

செய்முறைத் தேர்வு. அடுக்குகளைப் பிரித்து வரைந்தேன். உதிர்வதா, ஒட்டுவதா, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று எல்லாம் எழுதினேன். நிறம் என்ற இடத்தில், ‘எனக்குத் தெரியாது, பார்வைக் குறை’ என்று எழுதினேன். யாரிடமும் கேட்காமல் ஊகித்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

19 ஜூன், ஊரில்

செய்முறையில் முப்பத்தெட்டு. நாற்பது வேண்டும். அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாமாம். அம்மா பாஸா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்றாள். அதையும் சொன்னேன். வெகுநேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

8 ஜனவரி 1962, உச்சிப்புளி முகாம்

திரும்ப வந்துவிட்டேன். சார் எனக்குப் புதுக் குழி கொடுத்தார். பாக்கர் பட்டம் வாங்கி இங்கேயே தற்காலிக உதவியாளனாக இருக்கிறான். காலையில் வருகைப் பதிவில் என் பெயரை வாசித்தான். அவ்வளவுதான். சாப்பாட்டு வரிசையில் எனக்கு இரண்டு பேர் முன்னால் நின்றான்.

18 ஜனவரி

நேற்று காலம் தவறிய மழை. குழிகள் எல்லாம் ஊறிக் கிடக்கின்றன. சுவரெல்லாம் ஒரே இருட்டு நிறமாகிவிட்டதாகப் பையன்கள் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு எந்த மாற்றமும் இல்லை.

பதினோரு மணி இருக்கும். என் தலைக்கு மேல் நிழல் விழுந்தது. பாக்கர் குழியின் விளிம்பில் குந்தியிருந்தான். பாதி முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பேசினான்.

“ஈரத்துல எனக்குப் பிடிபடல. சிவப்பு எங்கன முடியுதுன்னு கொஞ்சம் தொட்டுப் பாத்துச் சொல்லு.”

அவன் குழிக்குள் இறங்கினேன். சுரண்டிப் பார்த்தேன். அவன் அடையாளத்துக்கு ஆணி அடித்திருந்த இடத்துக்கு நாலு விரல் கீழே என்றேன். இல்லை என்றான். அவனையும் தொடச் சொன்னேன். தொட்டான். யோசித்தான். இன்னொரு இடத்தில் தொட்டான்.

மண்ணைப் பற்றி மட்டும்தான் பேசினோம். ஒரு மணி நேரம் பேசினோம்.