அடி கறுக்காத தக்காளி

மதினி, இன்று காலை பறித்த தக்காளியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் கறுப்பே இல்லை. விரலில் செடியின் பச்சை வாடை அடிக்கிறது. நீ அடுப்படிக்குள் நுழையும்போது உன் கையில் வீசுமே, அதே வாடை.

இந்த உச்சிப்புளி வீட்டுக் கொல்லையில், பழைய பெயின்ட் வாளிகளில் நீ நட்ட செடிகள் நன்றாகத்தான் காய்த்தன. ஆனால் பழுக்கும் முன்பே காய்களின் அடி கறுத்து அமுங்கிப்போகும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா உன் காதுபடவே சொன்னார்: "வயித்துலயும் தங்கல, வாளியிலயும் தங்கல. அவ கைராசி அப்படி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ சிரித்தாய். "நீங்க நட்டுப் பாருங்கத்தே. உங்க ராசிக்கு வாளியே காய்க்கும்." அவர் போன பிறகுதான் முகம் கழுவப் போனாய்.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டாய். நான் போனில் தேடி, சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்றேன். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினோம். கறுப்பு நிற்கவில்லை. நம் குழாயில் நல்ல தண்ணீர் எப்போதாவதுதான் வரும். வந்ததும் குடத்துப் பழைய தண்ணீரை மொத்தமாகச் செடியில் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்போம். தெருவே அப்படித்தான். அடுத்து குழாய் வரும்வரை வாளி மண் வெடித்துக் கிடக்கும். கடற்கரை விடுதியின் புல்லுக்கு மட்டும் தினமும் லாரியில் தண்ணீர் போகும். அதை யாரும் ராசி என்று சொல்வதில்லை.

பிறகு உனக்குக் காய்ச்சல் முற்றியது. "ஏத்தா, செடியப் பிடுங்கிப் போட்றாத" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியேறினாய். உன் உடல்தான் திரும்பி வந்தது.

துக்கம் கேட்கத் தினமும் ஆட்கள் வந்தார்கள். டீ குடித்த தம்ளரை வாளிகளின் மேலேயே அலசினார்கள், கை கழுவினார்கள். செடியை யாரும் நினைக்கவில்லை. கறுத்திருந்த காய்கள் உதிர்ந்தன. அதன்பின் பிடித்த பிஞ்சுகள் சுத்தமாகப் பெருத்தன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மண்ணில் சத்து இருந்தது. அதைக் காய்வரை கொண்டுபோகத் தினமும் கொஞ்சம் ஈரம் வேண்டியிருந்தது.

இன்றைய தக்காளியைப் பெரியம்மா கையில் வைத்தேன்.

"யாரு நட்டதுத்தா?"

"மதினி நட்ட செடி."

வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெதை இருந்தா கொஞ்சம் குடு" என்றார்.

"தாரேன். ராசிக்குக் காய்க்காது பெரியம்மா. தெனம் ஒரு சொம்பு தண்ணி ஊத்தணும்."

குழாய் இன்னும் ஒழுங்காக வருவதில்லை. அடுத்த கிராம சபைக்குத் தெருப் பெண்களோடு போகிறேன், பெரியம்மாவும் வருகிறாராம். அதுவரை குடத்துத் தண்ணீரை மிச்சம் பிடித்து, வாளி மண்ணைத் தென்னை நாரால் மூடி, சாயங்காலம் செடிக்கொரு சொம்பு ஊற்றுகிறேன். உடனே கை கழுவுவதில்லை, மதினி. கொஞ்ச நேரம் உன் வாடை இருக்கட்டும்.