யாரும் சொல்லாத பச்சை

அன்பு மகள் ஐலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யும் அல்ல. நீ லிஸ்பனில் கோட்டு இல்லாமல் வெயிலில் நடப்பாய் என்று அம்மா நினைத்துக்கொள்கிறாள், அப்படியே நடந்துகொண்டிரு. இங்கே மார்ச் மாதத்து வெயில் கண்ணைக் கூசவைக்கிறது, இருட்டியதும் எல்லாம் மறுபடி உறைகிறது. வில்யோ மாமாவின் அடக்கம் வரும் சனிக்கிழமை. பக்கத்து வீட்டில் அவர் மனைவி ஹில்க்கா நாள் முழுக்க ரொட்டி சுடுகிறாள், அவள் சுட வேண்டியதில்லை, நாங்கள் கொண்டுபோகிறோம் என்று அம்மா சொன்னதற்கு, "கைய சும்மா வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லு" என்றாளாம். அம்மா கூடவே உட்கார்ந்து மாவு பிசைந்துவிட்டு வந்தாள்.

நீ போனில் கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. மாமா உறைந்த ஏரிக்குப் போகும் முன், பனியின் கனத்தைக் காட்டும் உன் செயலியைப் பார்த்தாரா என்று கேட்டாய். பார்த்தார், ஐலா. ஹில்க்கா வாசலில் நின்று, "கிழவா, ஆணிய கழுத்துல மாட்டிக்கிட்டுப் போ" என்றிருக்கிறாள். பனி உடைந்து விழுந்தால் குத்திப் பிடித்து மேலேறுவதற்கு எல்லோரும் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அந்த இரட்டை ஆணியைத்தான். மாமா போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "பச்சையா இருக்கு பாரு, நம்ம ஐலா போட்டது" என்று சொல்லிவிட்டு பனியில் காலால் உதைத்து ஓட்டும் சறுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். தீவுக்கும் கரைக்கும் நடுவில் ஏரி இடுங்கும் இடத்தில் விழுந்தார். இரட்டை ஆணி வீட்டில் மாட்டிவைத்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

உன்மேல் குற்றமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியும் பார்த்தேன், வாசித்தபோது உங்கள் ஆதரவுத் திட்டத்தின் அறிக்கை மாதிரி இருந்தது, அதனால் அழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுவது மேல். நீ நம் சமையலறை மேசையில் அந்தச் செயலியைச் செய்தபோது அதில் யாருடைய பெயரும் இல்லை. துளையிட்டவர் பனி எத்தனை விரற்கடை என்று ஓர் எண்ணைப் போடுவார், நடக்கும் அளவுக்குக் கனமிருந்தால் அந்த இடம் பச்சையாகும், அவ்வளவுதான். யாரும் எதுவும் போடாத இடம் வெள்ளையாக இருக்கும், வெள்ளை என்றால் நீயே துளையிட்டுப் பார் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்துக் கரைக்காரரிடம் முகத்துக்கு நேரே உங்கள் பக்கம் பனி மோசம் என்று சொல்வது இங்கே ஒருவர் வீட்டு முற்றம் அழுக்கு என்று சொல்வதற்குச் சமம், பெயரில்லாத எண்ணால் மட்டும்தான் எங்களால் உண்மை பேச முடியும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. நீ இந்த ஊரில் பிறந்தவள்.

பிறகு செயலி செய்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் அந்த ஐரோப்பிய ஆதரவுத் திட்டம் வந்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்ல, உன்னைப் போன்ற சிறிய உருவாக்குநர்கள் ஐரோப்பாவில் தழைக்க வேண்டும் என்று மெய்யாகவே விரும்பினார்கள், அதற்காக ஊர் ஊராக அழைத்துப்போய், செயலி எழுத நேரமே இல்லாத அளவுக்கு உன்னை ஊக்குவித்தார்கள். மூன்று நாடுகளிலாவது பயன்பட வேண்டும் என்பது விதி என்பதால் மால்டாக்காரர்கள் கூட்டாளிகளானார்கள். அவர்கள் தீவில் உறைவதற்கு ஏரியும் இல்லை, கடலும் உறைவதில்லை, ஆனாலும் மொழிபெயர்ப்பைக் குறித்த நாளில் முடித்தது அவர்கள் மட்டும்தான் என்று நீயே சொன்னாய். வழிகாட்டி ஒருவர், மனிதர்கள் பாராட்டுக்கு ஏங்குபவர்கள், எண்ணைப் போடுபவரின் படமும் பெயரும் தெரியட்டும், பதக்கம் கொடுங்கள் என்றார். அவர் ஊர் மனிதர்கள் ஏங்குவார்களாக இருக்கும். இங்கே முதல் பனிக்கு வில்யோ மாமா எண்ணைப் போட்டதும் அவர் முகம் பல்லைக் காட்டிக்கொண்டு எல்லோர் போனிலும் வந்தது. கடைக் காப்பி மூலையில், "என்னய்யா வில்யோ, ஒரு ஓட்டை போட்டதுக்கு மூஞ்சிய காட்டுற, தேர்தல்ல நிக்கப் போறியா?" என்று ஒருவர் கேட்டார். "நான் இல்லப்பா, போனு தானா போட்டுருச்சு" என்றார் மாமா, காது சிவந்துவிட்டது. போட்ட எண்ணை அங்கேயே அழித்தார், அதோடு நிறுத்திக்கொண்டார். மற்றவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்திவிட்டதை ஒருவரும் வெளியில் சொல்லவில்லை, வெளியில் சொல்வதும் ஒருவகையில் முகத்தைக் காட்டுவதுதானே.

ஏரி முழுக்க வெள்ளையாகிவிட்டால் முதலீட்டாளர்கள் பயப்படுவார்கள் என்று, காற்றின் குளிரை வைத்துக் கணக்குப் போட்டு வெற்றிடங்களை நீங்களே பச்சையால் நிரப்பினீர்கள் என்பது அன்று நீ அழுதுகொண்டே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் கணக்குக்கு இடுக்கின் அடியில் ஓடும் நீர் பனியை அரிப்பது தெரியாது. மாமாவுக்கு அது நன்றாகத் தெரியும், ஆனால் பச்சையைப் பார்த்ததும் கூச்சமில்லாத யாரோ ஒரு நல்ல மனிதர் போய்த் துளையிட்டுப் பார்த்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். இப்போது விசாரித்தால் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

பச்சையை எடுக்கக் கூட்டாளிகள் எல்லோரும் வாக்களிக்க வேண்டும், கூட்டம் உன் செயலிக்குப் பரிசு கொடுக்கும் விழாவுக்குப் பிறகுதான் என்றாய். அதற்குள் பனி உருகிவிடும், தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும். எங்கள் இடுக்கில் யாரும் போகாதபடி கயிறு கட்டிவிட்டோம், எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. வில்யோவை அறியாத ஏரிகளில் நாளைக்கும் யாராவது மனைவியிடம் போனை நீட்டுவார்கள். செயலியை மாற்றும் சாவி உன்னிடம் இருக்கிறது, ஐலா. யாரிடமும் கேட்காமல் செய். பரிசு போகும், திட்டத்திலிருந்தும் உன்னை நீக்குவார்கள், ஒருவேளை வேலையே போகும். அது சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன், உன் இத்தனை வருட உழைப்பு.

நேற்று ஹில்க்கா மாமாவின் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். கோட்டின் உள்பையில் இருந்தது, காயவைத்ததும் வேலை செய்கிறது. "இதுல எப்படி எழுதுறது, அந்த இடத்துல தண்ணினு போடணும்" என்றாள். நானும் அவளும் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு தேடிக் கண்டுபிடித்து, திறந்த நீர் என்று போட்டோம். இடுக்கு சிவப்பானது. பக்கத்தில் வில்யோவின் முகம் சிரித்துக்கொண்டு வந்தது. பிறகு மணி அடித்து ஒரு பதக்கம் வந்தது, வாழ்த்துகள், இந்த ஏரியில் இந்தக் குளிர்காலத்தின் முதல் தகவல் உங்களுடையது என்று. ஹில்க்கா அதை இரண்டு தடவை வாசித்தாள். "அப்ப வேற யாருமே போடலியா?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். போனை ஏப்ரனில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, அடுப்பில் ரொட்டி இருக்கிறது என்று போய்விட்டாள்.

ஆண்டவர் உன்னைக் கைவிடாதிருக்கட்டும். அம்மா உன் நெற்றியில் முத்தமிடுவதாக எழுதச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு. ஹில்க்கா உன்னை எதிர்பார்க்கிறாள், கோபமாக இல்லை, அதை அவளே இருமுறை சொன்னாள். வருவதானால் டிக்கெட் பார், அழுவதானால் அழு, ஆனால் இரண்டுக்கும் முன்னால் அந்தப் பச்சையை வெள்ளையாக்கிவிடு.

உன் அப்பா,
தவ்னோ