ஒரிஜினல் கண்டிஷன்

1999 ஏப்ரல் 18, ஞாயிறு

சர்ச்சில் ஆறு மணி தமிழ்ப் பூசை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் ஓசூர் ரோட்டில் வண்டியை விட்டேன். அத்திபெலே செக்போஸ்ட் வரைக்கும். அங்கே டீக்கடைக்காரர் என் ஃபியட்டைத் தூரத்தில் பார்த்ததுமே கிளாஸோடு வந்துவிடுவார். நான் இறங்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஏன் இறங்கவில்லை என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கேட்டதில்லை, நல்ல மனுஷன். திரும்பும்போது என் பக்கக் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு எழுபதில் வந்தேன். தலைமுடி காக்காய்க்கூடு.

"எங்கக்கா போன இவ்ளோ நேரம்?" என்றான் டெரிக். சும்மா என்றேன். நாற்பத்தாறு வயசுக்காரி தம்பிக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டுமா என்ன?

ஏப்ரல் 24, சனி

வண்டிக்கு ஜூனில் பதினைந்து வயசு. எஃப்.சி. புதுப்பிக்காவிட்டால் ரோட்டில் ஓட்ட முடியாது. எஃப்.சி.க்குப் போக முதலில் எமிஷன் சர்டிபிகேட் வேண்டும். பெட்ரோல் பங்க்கில் நிற்கிற டெஸ்ட் வேனுக்குப் போனேன்.

அந்த ஆள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏனு மேடம் இது?" என்றான். என்னவென்று சொல்ல? மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போனவளின் கார் என்றேன். கிளட்ச், பிரேக் பெடல்களிலிருந்து இரண்டு இரும்பு ராடு கைக்கு வரும். ஆக்ஸிலேட்டருக்கு ஸ்கூட்டர் கைப்பிடி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில். டிராயிங் நான் போட்டது. பீன்யாவில் எங்கள் கம்பெனி டூல்ரூமில் செய்தார்கள். இதையெல்லாம் சொன்னதும் அவன் ஒரு மாதிரி மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் புகைக்குழாயில் கம்பியைச் செருகினான்.

புகை மூன்றுக்குள் இருக்க வேண்டும். ஆறு. இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். ஐந்தரை.

ஏப்ரல் 25, ஞாயிறு

மெக்கானிக் ரெமிஜியஸ் அண்ணன் வீட்டுக்கே வந்து பார்த்தார். எங்கள் சர்ச் பங்குக்காரர்தான். ஸ்கூட்டர் கேபிள் வளைந்து வளைந்து போவதால் எப்போதும் கொஞ்சம் இழுத்தே இருக்கிறதாம், கார்பரேட்டர் முழுசாக மூடுவதில்லையாம். "பெட்ரோலைக் கம்மி பண்ணி வெக்கிறேம்மா. டெஸ்ட்ல பாஸாயிடும். ஆனா ரோட்டுல நிக்கும், பரவால்லியா?" என்றார்.

டெரிக் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரே ஒரு தடவை இந்த வண்டியை ஓட்டியிருக்கிறான். ராடுக்கும் பெடலுக்கும் நடுவே பேன்ட் மாட்டிக்கொண்டு நேராக கேட்டில் இடித்தான். அதற்குப் பிறகு தொட்டதில்லை. என்னைத் தவிர யாருக்கும் இது வசப்படாது. எனக்கு அதில் ஒரு திமிர் உண்டு.

மே 3, திங்கள்

யஷ்வந்த்பூர் சிக்னலில் மூன்று தடவை நின்றது. லாரிக்காரன் என் அம்மாவை இழுத்தான். செத்துப் பன்னிரண்டு வருஷமான அம்மா.

மே 8, சனி

நாலரை. மறுபடியும் ஃபெயில்.

மே 14, வெள்ளி

லீவு போட்டுவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ். எமிஷன் சர்டிபிகேட்டுக்கு டயம் கேட்கத்தான் போனேன். இன்ஸ்பெக்டர் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். ஆர்.சி.யைப் புரட்டினார். அதில் சாதாரண மோட்டார் கார் என்றுதான் இருக்கிறது. அப்பா உயிரோடு இருந்தபோது ஏஜென்ட் மூலமாகப் பதிவு செய்தது. கைக்கட்டுப்பாடு பற்றி ஒரு எழுத்து இல்லை.

இப்போது சேர்க்க முடியாதா? முடியுமாம். மெடிக்கல் போர்டு, இன்ஜினியர் சான்றிதழ், மேலிடத்து அனுமதி. நாலைந்து மாசம் ஆகும், ஒரு வருஷமும் ஆகலாம். அதுவரை வண்டியை எடுக்கக்கூடாது. நாலைந்து மாசம் நான் பீன்யாவுக்கு எப்படிப் போவது? பஸ் படி என் இடுப்பு உயரம். ஆட்டோக்காரர்கள் ஊன்றுகோலைப் பார்த்ததுமே மீட்டரை மறந்துவிடுவார்கள்.

கடைசியில் அவரே குரலைத் தணித்துக்கொண்டு, "ஒரிஜினல் மாடி தொகொண்டு பன்னி, மேடம்" என்றார். அதாவது எல்லாவற்றையும் கழற்றி, கம்பெனியிலிருந்து வந்த மாதிரி ஆக்கிக் கொண்டு வா என்கிறார். கெட்டவர் இல்லை. தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

மே 15, சனி

ரெமிஜியஸ் அண்ணனும் அதையேதான் சொன்னார். "காலைல கழட்டுவோம், பாஸ் பண்ணுவோம், சாயங்காலம் மாட்டிடுவோம். ஊரே அப்டித்தான் பண்ணுது. நீங்க ஏம்மா கவலப்படுறீங்க?"

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? எனக்குப் பொறுமை கிடையாது. நாலைந்து மாசமா, ஒரு நாளா என்றால் ஒரு நாள்தான்.

ஜூன் 2, புதன்

ராடு, கைப்பிடி, கேபிள் எல்லாம் கழற்றி சாக்கில் போட்டார். சீட்டை முன்னால் தள்ளினார். டெரிக் தான் வேலை பார்க்கிற ஸ்கூலில் அரை நாள் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்தான்.

என் வண்டியில் முதல் தடவையாக இடது பக்கம் உட்கார்ந்தேன். அந்தப் பக்க ஜன்னல் முழுசாக இறங்காது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

எமிஷன் இரண்டு. பாஸ்.

ஜூன் 3, வியாழன்

எஃப்.சி. கிடைத்துவிட்டது. அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை. சந்தோஷப்பட வேண்டிய நாள்.

வேறொரு இன்ஸ்பெக்டர், சின்ன வயசு. டெரிக் ஓட்டிக் காட்டினான். பிரேக், லைட், ஹார்ன். கையெழுத்துப் போடும்போது பெயரைப் பார்த்துவிட்டு, "ஓனர் யாரு?" என்று கன்னடத்தில் கேட்டார். மரத்தடி பெஞ்சில் இருந்த நான் கையைத் தூக்கினேன். என்னைப் பார்த்தார், காலில் மாட்டியிருக்கிற இரும்புக் காலிபரைப் பார்த்தார், ஊன்றுகோலைப் பார்த்தார். "நீங்களா ஓட்டுறீங்க?"

ஆமாம் என்றால் எல்லாம் போச்சு. எப்படி ஓட்டுகிறாய் என்று அடுத்த கேள்வி வரும்.

"நானு ஓடிசல்ல. தம்ம ஓடிஸ்தானெ" என்றேன்.

தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வழியெல்லாம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து இதைத் தமிழில் எழுதும்போதுதான் உறுத்துகிறது. நான் ஓட்டுவதில்லை, தம்பி ஓட்டுகிறான். கன்னடத்தில் சொன்னது யாரோ ஒருத்தி சொன்னது போல இருந்தது. இங்கே எழுதினால் நானேதான் சொன்னதாக ஆகிவிடுகிறது. இந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் யாரும் பார்க்கப் போவதில்லை.

ரெமிஜியஸ் அண்ணன் சாயங்காலம் வரவில்லை. மச்சான் செத்துப்போய் கே.ஜி.எஃப். போயிருக்கிறாராம்.

ஜூன் 9, புதன்

விடியும்போது லீனா அலறினாள். லீனா டெரிக்கின் மனைவி. அவள் அம்மா பத்து நாளாக எங்களோடு இருக்கிறார்கள். பாத்ரூமில் விழுந்து கிடந்தார்கள், வாய் கோணியிருந்தது. டெரிக் தூக்கிப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு பறந்தான்.

ஸ்ட்ரோக். உயிருக்கு ஆபத்தில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். லீனா சாயங்காலம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க வண்டி மட்டும் அந்த நிலைமைல இல்லன்னா..." என்று அழுதாள். அதே யோசனை எனக்கும் காலையிலிருந்து இருக்கிறது. ராடு மாட்டியிருந்தால் அவனால் எடுத்திருக்க முடியாது. நான் காலிபர் மாட்டி இறங்கி வருவதற்குள் என்ன ஆகியிருக்கும்?

ஜூன் 19, சனி

ரெமிஜியஸ் அண்ணன் சாக்கோடு வந்தார். ஹாலில் எல்லோரும் இருந்தோம். லீனாவின் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி, அதற்காக அவர்கள் சக்கர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். டெரிக் சாவியைக் கையில் வைத்திருந்தான். லீனா ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் சேலையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

ஒருத்தராவது வாயைத் திறந்து "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். எனக்குச் சண்டை நன்றாக வரும்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்ணே" என்றேன் நானே.

ஜூலை 7, புதன்

டெரிக் ஸ்கூலுக்குப் போகிற வழியில் என்னை விட வேண்டும் என்பதால் ஏழுக்கே பீன்யா. அந்நேரம் கேட் திறந்திருக்காது. வாட்ச்மேன் தன் ஸ்டூலைக் கொடுக்கிறார். சாயங்காலம் பிசியோதெரபி முடிந்து அவன் வர ஏழரை ஆகிறது. அப்போதும் அதே ஸ்டூல்.

பாத்ரூமுக்கு எழுந்து போனால் அந்த நேரம் பார்த்து வந்து ஹார்ன் அடிப்பானோ என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 9

அதே.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

எல்லோரும் பூசைக்குப் போயிருந்தார்கள், லீனாவின் அம்மாவை நாற்காலியில் தள்ளிக்கொண்டு, நடந்து. எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தேன், பொய். வெளியே போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வலது காலை இரண்டு கையாலும் தூக்கி பிரேக்கில் வைத்தேன். அது அங்கேயே கிடந்தது. அமுக்கு அமுக்கு என்று சொல்லிப் பார்த்தேன், கூறு கெட்டவள்! ஒரு நூல்கூட இறங்கவில்லை. இடது காலையும் தூக்கி கிளட்சில் வைத்தேன். ரெண்டு செத்த காலும் பெடல் மேல அழகா உக்காந்திருக்கு, கம்பெனியிலருந்து வந்த மாதிரி. ஒரிஜினல் கண்டிஷன்.

சிரிப்புதான் முதலில் வந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை.

அவர்கள் வருவதற்குள் இறங்கி முகம் கழுவிவிட்டேன்.

அக்டோபர் 10, ஞாயிறு

கேட்டுவிட்டேன். சாப்பிடும்போது.

"அம்மாவுக்கு இப்ப பரவால்லியே, ரெமிஜியஸ் அண்ணன வரச் சொல்லட்டா?" என்றேன். டெரிக் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எதுக்குக்கா? நான்தான் கொண்டுபோய் விடுறேனே. உனக்கு என்ன கொறை?" என்றான். குறை என்று எதைச் சொல்வது? எங்கே போகிறேன் என்று சொல்லாமல் போக முடியவில்லை என்றா? சொன்னேன். அதையேதான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. எனக்கு அத்திபெலே போவணும்டா, சும்மா போவணும், டீ குடிக்கணும், வரணும், எவனும் கேக்கக்கூடாது. இது என் வண்டி!

"டீ குடிக்க அத்திபெலேக்கா? சொல்லு, ஞாயித்துக்கிழம எல்லாருமா போலாம்" என்றாள் லீனா. கிண்டல் இல்லை. நிஜமாகவே ஆசையாகச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

டெரிக் மட்டும் சிரித்தான். "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நீயேதானக்கா சொன்ன, நான் ஓட்டல, தம்பிதான் ஓட்டுறான்னு? இப்ப மறுபடி கம்பியெல்லாம் மாட்டி ரோட்ல புடிச்சான்னா யாரு பதில் சொல்றது? எஃப்.சி.யும் போயிடும், வண்டியும் போயிடும்."

நியாயம்தான். சட்டப்படி அவன் சொல்வது முழுக்க நியாயம்.

தட்டை நகர்த்திவிட்டு அறைக்கு வந்துவிட்டேன். லீனா மூடி போட்டுக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். மீன் குழம்பு ஆறிப்போய் ஏடு கட்டியிருக்கிறது.

அக்டோபர் 17, ஞாயிறு

எல்லோருமாக அத்திபெலே போனோம். டீக்கடைக்காரர் கிளாஸோடு வலது பக்கக் கண்ணாடிக்குத்தான் வந்தார். உள்ளே டெரிக்கைப் பார்த்துவிட்டு யாரோ என்று திரும்பிப் போய்விட்டார். நான் இந்தப் பக்கமிருந்து கூப்பிடவில்லை.

டிசம்பர் 2, வியாழன்

எமிஷன் சர்டிபிகேட்டுக்கு ஆறு மாதம் முடிந்தது. டெரிக் போய் வாங்கி வந்தான். 1.8. வண்டி இவ்வளவு சுத்தமாக எப்போதும் ஓடியதில்லை என்கிறான்.

2000 பிப்ரவரி 11, வெள்ளி

கம்பெனியில் வி.ஆர்.எஸ். நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், விருப்ப ஓய்வு வேண்டுபவர்கள் எழுதிக் கொடுக்கலாம். டிராயிங் ஆபீஸில் யாரும் அசையவில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மௌரீன், நீங்க இருக்கணும். புது கம்ப்யூட்டர்ல உங்களத்தான் உக்கார வெக்கப் போறோம்" என்றார். பதினெட்டு வருஷத்தில் யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை.

வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஏழே முக்கால் வரை வரவில்லை. டயர் பஞ்சராம். வாட்ச்மேன் தன் டிபன்பாக்ஸைப் பிரித்து ஒரு சப்பாத்தி கொடுத்தார். பசித்தது, வாங்கித் தின்றேன்.

பிப்ரவரி 14

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 31, வெள்ளி

மாலை போட்டார்கள். டெரிக் சீக்கிரமே வந்திருந்தான். கேக் கூட வாங்கி வந்திருந்தான். "இனிமே உனக்கு அலைச்சலே இல்லக்கா" என்றான்.

ஜூன் 3, சனி

காலையில் டெரிக் எமிஷன் முடித்து வந்தான். போன உடனே பாஸாம், அந்த ஆள் வண்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். சர்டிபிகேட்டை என்னிடம் கொடுத்தான், வண்டி என் பெயரில் இருப்பதால். பீரோவில் வைத்தேன்.

வலது கண்ணில் பூ விழுந்த மாதிரி மங்கலாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கண் டாக்டரிடம் போக வேண்டும். டெரிக்கிடம் இன்று கேட்க வேண்டாம், ஸ்கூல் திறக்கிற நேரம், கடுகடுவென்று இருக்கிறான். நாளை மத்தியானம் மட்டன் சாப்பிட்டுப் படுத்து எழுந்த பிறகு நல்லபடியாக இருப்பான். லீனா டீ கொண்டுபோகும்போது கூடவே போய் மெதுவாகக் கேட்கலாம். அவசரம் இல்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.