ஜன்னலில் ஏழு மெழுகுவர்த்தி

கோயமுத்தூர்
22.12.1996

அம்மணிக்கு,

அந்த ஊர்க்காரரை நீ கட்டிக்கொண்ட பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது.

போன வாரம் நம் மில்லில் நூல் வாங்க, நீ இருக்கும் ஸ்வீடனிலிருந்தே ஒருவர் வந்தார். சாப்பிட வீட்டுக்கு அழைத்திருந்தேன். கிறிஸ்துமஸ் சமயம். ஹாலைப் பார்த்து அவர் மனம் குளிரட்டும் என்று, நீ வருஷா வருஷம் அனுப்பி நான் பிரிக்காமல் பரணில் போட்ட நாலு பெட்டிகளையும் இறக்கினேன். வைக்கோல் நட்சத்திரங்கள், சிவப்பு நாடா சுற்றிய வைக்கோல் ஆடு, ஏழு மெழுகுவர்த்தி செருகும் வெள்ளை மர ஸ்டாண்டு. எதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. உங்கம்மா ஸ்டாண்டை நேராக ஜன்னலில் கொண்டுபோய் வைத்தாள். நீங்கள் இருவரும் கடிதம் எழுதிக்கொள்வது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆட்டின் நெற்றியில் குங்குமம் வைத்தது மட்டும் அவள் யோசனை.

வந்தவர் கண் கலங்கிவிட்டார். எங்கள் வீடு மாதிரியே இருக்கிறதே, யார் கொடுத்தது என்றார். பெங்களூரில் கடையில் வாங்கினோம் என்று சொல்லிவிட்டேன்.

காபியோடு வந்த உங்கம்மா அவரைப் பார்த்து, "எம்பொண்ணு அனுப்புனதுங்க" என்றாள். என்ன சொல்கிறார் என்று அவர் கேட்டார். சர்க்கரை வேண்டுமா என்று கேட்கிறாள் என்றேன். சர்க்கரைக்கு இங்கிலீஷில் என்னவென்று அவளுக்கும் தெரியும். உள்ளே போய் எடுத்துவந்து வைத்தாள்.

அதோடு என்னிடம் பேச்சில்லை. இன்றைக்கு, "இதையெல்லாம் எப்ப எடுக்கோணும்?" என்று கேட்டுப் பார்த்தேன். "அவளையே கேளுங்க" என்றாள்.

கேட்கிறேன் அம்மணி. இல்லாவிட்டால் அப்படியே இருக்கட்டும். நீயும் மாப்பிள்ளையும் வந்து எடுத்துவையுங்கள்.

அப்பா