ஜப்பான் கொடி போட்ட மஃப்ளர்

அன்பு மகனே,

குளிர்காலக் கோப்பைப் பந்தாட்டத்துக்காக, இன்று நம் நாட்டு அணியை எதிர்த்து ஆடும் ஜப்பானின் கொடி போட்ட மஃப்ளர்களை நம் கடையில் நான்தான் அடுக்கினேன். நம் உலான்பத்தரின் குளிர் தாங்காத வெளிநாட்டு ரசிகர்கள் வாங்குவார்கள், வியாபாரம் அப்படித்தான்.

நீயோ அதைப் பார்த்துவிட்டு, "நான் கோல் விட்டாத்தானே உனக்குக் கொண்டாட்டம்?" என்று கேட்டுவிட்டு, தேநீரைத் தொடாமல் அணியோடு சேரக் கிளம்பினாய். "போடா, பெரிய கோல்கீப்பர்" என்று நானும் கதவைச் சாத்திக்கொண்டேன். பயணம் போகிற பிள்ளை நல்லபடியாகத் திரும்பி வர, அவன் பின்னால் பால் தெளிக்காத தாய் நம் ஊரில் உண்டா?

"பையன் இன்னைக்குத் தடுத்துருவானாக்கா?" என்று பக்கத்துக் கடை ஒயூன் கேட்டாள். அவளிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது மைதான வாசலில் நிற்கிறேன். சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். உங்கள் பேருந்து போன தடத்தில் பாலைத் தெளித்தேன், விழுந்ததுமே உறைந்துவிட்டது. தாமதமாகத் தெளித்தது சேருமா, தெரியவில்லை. காவலாளி இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பதாகச் சொல்கிறார்.

ஐந்து கோல் விட்டாலும் வீட்டுக்கு வா.

உன் அம்மா