சூடு இறங்கும் நேரம்

இதனால் தோட்டத்து மக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் கேரம் பலகைக்கு நேற்று ஐந்தாவது ஓட்டை விழுந்துவிட்டது. நட்டநடுவில். எங்கள் லயத்து வீட்டுக் கூரை ஒழுகிப் பலகை ஊறிக் கிடந்தது; என் தம்பி அதன் மேல் ஏறி நின்று மிச்ச வேலையை முடித்துவைத்தான். இரங்கல் கூட்டம் கிடையாது.

நனைந்த பவுடர் வாடை இன்னும் கையில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். இன்னொரு செய்தியும் உண்டு: பள்ளிக்கூட விஞ்ஞான மன்றத்தில் நீ பேச வேண்டிய பேச்சை நான் பேசிவிட்டேன். வெளுத்து வாங்கிவிட்டேன் என்றே வைத்துக்கொள்.

அந்தப் பேச்சே இந்தப் பலகையில்தான் பிறந்தது. கொழும்பிலிருந்து நம் விஞ்ஞான வாத்தியார் சேர் கொண்டுவந்த ஆங்கிலச் சஞ்சிகையை நாள் கணக்கில் மடியிலிருந்து இறக்காமல் படித்த நீ, ஒருநாள் ஸ்ட்ரைக்கரை என் மூக்குக்கு நேரே நீட்டினாய்.

"இதுதான்டா நியூத்திரன். அணுவுக்குள்ளேருந்து பாய்ஞ்சு வருது. காயில மோதி மோதி வேகம் கொறையும்."

"கொறைஞ்சு?"

"வேகமா போறப்ப யுரேனியத்தால இத அவ்வளவா புடிக்க முடியாது. நல்லா அடங்கிட்டா அணுவைப் பொளக்குற வேலைக்கு ஆகும். நடுவுல, அடங்கியும் அடங்காம வர்ற நேரம் இருக்கு பாரு, அப்பத்தான் லபக்குன்னு முழுங்கிரும். அதுக்குப் பேரு எபிதெர்மல். எல்லாம் மாட்டாது, தப்பி எறங்குறதும் உண்டு."

"எங்கப்பா மாதிரியா? கத்துறப்ப பயமில்ல. தூங்கிட்டா பயமில்ல. கொஞ்சம் அடங்குறப்ப போய் சினிமாவுக்கு விடுங்கன்னு கேட்டா முழுங்கிருவாரு."

நீ சிரித்த சிரிப்பில் காய்கள் எல்லாம் கலைந்தன. நான் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டம், நல்லதாகப் போயிற்று.

அதே சொல் கல்லை ஆராய்கிறவர்களிடமும் இருக்கிறது என்றாய். நோட்டன் பிரிட்ஜ் சுரங்க வேலையிலிருந்து உன் மாமா கொண்டுவந்த வெள்ளைக் கல்லைக் காட்டினாய். பூமிக்கடியிலிருந்து கொதிக்கும் தண்ணீர் பாறை வெடிப்பு வழியே ஏறி வருமாம்; மேலே வரவரச் சூடு இறங்குமாம்; தூக்கிவந்த பொன்னையும் வெள்ளியையும் அங்கேயே போட்டுவிடுமாம். "நம்ம மலையில அதெல்லாம் இல்லடா. இது வெறுங்கல்லு" என்றும் சொன்னாய்.

முதல் பாதியை மட்டும் கணக்கப்பிள்ளையின் காதில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மழைத்தண்ணீர் ஓடும் கானைத் தன் கையாலேயே தோண்டினார். "கானு இவ்வளவு ஆழமா நான் பாத்ததே இல்ல" என்று உங்க அம்மா வியந்தார்கள்.

சூடு இறங்குகிற நேரத்தில்தான் எல்லாம் நடக்கிறது என்று பேச்சை முடிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

பிறகு உனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது, அதுதான் டைபாய்டு. தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் உதடு வெடித்துக் கிடந்தாய்.

"நான் எந்திரிக்காட்டி நீ பேசுடா. கோமாளித்தனம் பண்ணாம பேசு."

"புரொபசர் இருக்கப்ப பியூன் பேசுறதா?"

"பேசுவியா மாட்டியா?"

"பேசுறேன்டா."

மூன்றாம் வாரம் காய்ச்சல் இறங்கியது. உங்க அம்மா கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து ஓடிவந்து உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். "எறங்கிருச்சுய்யா. எம்புள்ளைக்கு எறங்கிருச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நேரே கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினார்கள். நான் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாயாம். விடிந்தபோது நீ இல்லை.

காய்ச்சல் விடுகிற சமயத்தில் சில பேருக்குக் குடல் தாங்காது என்று ஆஸ்பத்திரி ஐயா விளக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்துக்கு நீ சொல்லிக்கொடுத்த ஒரு பெயர் எனக்குத் தெரியும்.

சரி, பேச்சு. வெளுத்து வாங்கியதாகச் சொன்னேன் அல்லவா? மன்றத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். மேடைப் பக்கம் போகவில்லை. கதவுப் பக்கம் போனேன். ஹட்டன் ஸ்டேஷன் வரைக்கும் நிற்காமல் ஓடினேன்.

பேசியது உங்கள் லயத்து வீட்டுக் காம்பராவில்தான். கேட்டவர் ஒரே ஒருத்தர்.

"எம்புள்ள பள்ளிக்கூடத்துல என்னமோ பேச இருந்தானாமே. அத எனக்குச் சொல்லுய்யா."

அடுப்பு ஓரமாக உட்கார்ந்து சொன்னேன். பாய்ந்து வருவதை, மோதுவதை, வேகம் குறைவதை எல்லாம் நீ சொன்ன மாதிரியே சொன்னேன். நடுப்பகுதி வந்ததும் பேச்சை விட்டு அடுப்பு விறகை உள்ளே தள்ளினேன். அவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள்.

"நடுவுல அதுக்கு ஒன்னும் ஆகாதா?"

"ஒன்னும் ஆகாதும்மா."

"பத்திரமா எறங்கிருமா?"

"எறங்கிரும்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

கைதட்டல் இல்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள்.

கோமாளித்தனம் பண்ணவில்லைடா, சத்தியமாக. ஆனால் உன் பேச்சைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். சேர் கேட்டால் முட்டை போடுவார். அந்தத் தப்பைத்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். திருத்த மாட்டேன்.