வேலைக்குத் தனியாக வந்த டப்பா

என்னங்க,

நைட் ஷிப்ட் முடிந்து வந்து அசந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. கோபத்தில்தான் எழுப்பவில்லை என்று நினைத்தால் அதுவும் சரிதான். சாப்பாடு அடுப்பு மேலே மூடி இருக்கிறது.

மதியம் வெல்டிங் பட்டறைக்காரர் வருவார். என் பழைய சாப்பாட்டு டப்பாவைக் கொடுங்கள், உடைந்த பிடியை ஒட்டித் தருவார். ஆமாம், நீங்கள் குப்பையில் போட்ட அதே டப்பாதான். ஊர்க் குப்பையெல்லாம் எங்கே போகிறது, அதைப் பிரிக்கிறவள் யார் என்று போடும்போது யோசித்திருக்கலாம். நேற்று வேலையில், குப்பை ஓடிவரும் பெல்ட்டில் பழத்தோலுக்கும் அறுந்த செருப்புக்கும் நடுவே என் முன்னால் ஊர்ந்து வந்தது. பக்கத்தில் நிற்கும் அக்கா எடுத்துப் பார்த்துவிட்டு, “என்னடி, உன் டப்பா தனியா வேலைக்கு வருது? அதுக்கும் சம்பளம் போடுறாங்களா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எனக்குப் புதுசு வாங்கித் தரும் ஆசையில்தான் போட்டீர்கள், தெரியும். ஆனால் அதன் அடியில் ஆணியால் கீறியிருப்பது என் பேர். இந்த வயதில் எழுதக் கற்றுக்கொண்டு நான் முதன்முதலாக எழுதியது அதுதான். நீங்கள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குத்தான் கோபம்.

புது பிளாஸ்டிக் டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் வாங்காவிட்டால் சண்டை வேண்டாம், ஊசி நூல் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

மறந்துவிட்டேன்: உங்கள் நீலச் சட்டையின் கிழிசலைத் தைத்துவிட்டேன், இன்றைக்கு அதையே போடுங்கள். இனி எதையாவது எறியத் தோன்றினால் நேராக என் கையில் கொடுங்கள். எப்படியும் என்னிடம்தான் வரப்போகிறது, லாரிக்காவது அலைச்சல் மிச்சம்.